தண்ணீருக்கு எட்டு மதிப்பெண்

ஒரு வட்டாரத்துக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் சில ஆண்டுகளாக என் பிழைப்பாக இருந்தது. ஜோசியம் இல்லை. ஓசூரில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கிய ஆலோசனை நிறுவனத்தில் வேலை. புதிதாகத் தொழிற்பேட்டை அமைக்கவோ, இருப்பதை விரிவாக்கவோ யாராவது நினைத்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் ஊர் ஊராகப் போவோம். சாலை, மின்சாரம், தண்ணீர், நிலம், வேலைக்கு ஆள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பெண்களின் நிலை என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவோம். எல்லாவற்றையும் கூட்டினால், அந்தப் பகுதி பொருளாதாரத்திலும் சமூக வாழ்விலும் எவ்வளவு வளர முடியும் என்பதற்கு ஒரு எண் வந்து நிற்கும். அதற்கப்புறம் மேலே இருப்பவர்கள் அந்த எண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள். ஊரைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பொருளாதாரம் படித்தவள். கணவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் வந்தோம். எங்கள் லேஅவுட்டில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். ஒரு வீட்டில் மதுரைத் தமிழ் கேட்கும், எதிர் வீட்டில் தெலுங்கு, மாடியில் கன்னடம். காய்கறி விற்க வரும் அம்மா ஒரே தெருவுக்குள் மூன்று பாஷையும் பேசிவிட்டுப் போய்விடுவார். அந்த ஊர் எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தானோ என்னவோ, அதற்கு மதிப்பெண் போடுகிற வேலை அவ்வளவு சீக்கிரம் கசந்து போனது.

எங்கள் குழுத் தலைவர் சென்னைக்காரர். பெங்களூரில் குடியிருந்தார். தினமும் காரில் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வேலைக்கு வருவார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை, பிறந்தநாள் என்றால் கேக் வாங்கி வருவார். அவரிடம் எனக்கு அருவருப்பாக இருந்தது ஒரு பழக்கம். ஊருக்குள் வண்டி நுழைவதற்கு முன்பே மதிப்பெண் போட்டு முடித்துவிடுவார். கண்ணாடியை இறக்காமல், ஏசிக் காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு, "இந்த பெல்ட் செம பொட்டென்ஷியல் மேடம்" என்பார். பொட்டென்ஷியல் என்ற அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது உதட்டில் எதையோ சுவைப்பதுபோல் இருக்கும். எச்சில் பட்ட ஸ்பூனைப் பார்ப்பதுபோல் எனக்கு உடம்பு கூசும்.

ஒரு முறை எங்களுக்குக் கொடுக்கப்பட்டது சானமாவுக் காட்டுக்கும் தேன்கனிக்கோட்டைச் சாலைக்கும் இடைப்பட்ட சில கிராமங்கள். ராகி, தக்காளி, கேப்சிகம், கொஞ்சம் ரோஜா. காட்டோரமாக இருக்கிற நிலங்களில் யானை இறங்கும். தாழ்வாக இருக்கிற நிலங்களுக்கு நடுவே ஒரு ஏரி. நகரத்துப் பக்கமிருந்து வரும் வாய்க்கால் அந்த ஏரியில் வந்து விழுகிறது. வீட்டுச் சாக்கடை, பட்டறைக் கழிவு, இன்னும் என்னென்னவோ அதில் வருகிறது. யார் விடுகிறார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டுவார்கள்.

நாங்கள் போன அன்று முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். மதகுக்குக் கீழே நுரை மலைபோல் குவிந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு. பக்கத்தில் போனால் சீழ் நிறம். காற்றடிக்கும்போது கட்டி கட்டியாகப் பிய்ந்து பறந்து கருவேலஞ்செடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாகச் சுருங்கியது. நாற்றம் மூக்கில் நிற்கவில்லை, நேராகத் தொண்டையில் இறங்கியது. அழுகிய முட்டையும் பெயிண்ட்டும் கலந்து, அடியில் எங்கோ எலி செத்த மாதிரி ஒன்று. காலையில் தின்ற இட்லி எனக்கு மேலே வந்து போனது.

தலைவர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார். ஆனாலும் முகத்தில் உற்சாகம் குறையவில்லை.

"மேடம், வாட்டர் பாடி பக்கத்துலயே இருக்கு பாருங்க. மதகு தெரியற மாதிரி என்னை ஒரு போட்டோ எடுங்க. அறிக்கையில போடலாம்."

"சார், அங்க நுரை மூடியிருக்கு. தரை எது, வாய்க்கால் எதுன்னு தெரியல" என்றேன்.

"ரெண்டு அடிதான்" என்று சொல்லிக்கொண்டே காலை எடுத்து வைத்தார். அங்கே தரை இல்லை. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. நுரை வாயைத் திறந்து அவரை இடுப்பு வரைக்கும் விழுங்கி மூடிக்கொண்டது. கையை ஊன்றப் போய் முகமும் உள்ளே போனது. எழுந்தபோது மூக்குக் கண்ணாடியைக் காணோம். வாயிலிருந்து நுரையைத் துப்பிக்கொண்டே இருந்தார். அடியில் சேறு காலைப் பிடித்துக்கொண்டதுபோல, அசைய அசைய இன்னும் இறங்கினார்.

கரைக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரமானவர், புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். தட்டுக் கட்டக் கொண்டுவந்த கயிற்றைத் தலைவர் பக்கம் வீசி, "பட்டுகோ, பட்டுகோ!" என்று தெலுங்கில் கத்தினார். தலைவர் விழித்தார். "கயித்தப் புடி சார்! கெட்டியாப் புடி!" என்று தமிழுக்கு மாறினார். நானும் கயிற்றைப் பிடித்தேன். இருவரும் இழுத்து அவரைக் கரைக்குக் கொண்டுவந்தோம். தலைவரின் செருப்பு ஒன்று அங்கேயே போயிற்று.

எங்கள் டிரைவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இப்படியே வண்டில ஏற முடியாதுங்க, சீட்டு போயிரும்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

"ஊடு பக்கத்துலதான். வாங்கோ, கழுவிடலாம்" என்றார் அந்த அக்கா.

வீடு என்றால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறை, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. கொட்டகை வாசலில் நீல நிற பிளாஸ்டிக் பேரல்கள் இரண்டு நின்றன. துவைக்கிற கல்லில் தலைவரை உட்காரவைத்து அந்த அக்கா மொண்டு மொண்டு ஊற்றினார். ஒரு கூச்சமும் இல்லை, மாட்டைக் கழுவுவதுபோலவே கழுவினார். துவைக்கிற சோப்பை அவர் கையில் கொடுத்து, "தலைக்கும் போட்டுக்கோ சார். கண்ண மூடிக்கோ" என்றார். தலைவர் தேய்த்தார். அக்கா ஊற்றினார். தலைவர் கையை முகர்ந்து பார்த்தார். "இன்னும் ஸ்மெல் போகல, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்றார். அக்கா மறுபடி ஊற்றினார். அவர் மறுபடி முகர்ந்தார். ஒரு பேரல் காலியாகி அடுத்ததைத் திறந்தார் அந்த அக்கா, அதுவும் அடிமட்டத்துக்கு வந்தது. கட்டியிருந்த கறவை மாடு தண்ணீர்ச் சத்தம் கேட்டுக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. அதன் மூஞ்சியை அவர் முழங்கையால் தள்ளிவிட்டார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, இது போர் தண்ணியா?"

"போரா?" என்று சிரித்தார். "போர்ல வர்றத மாட்டு மேல ஊத்துனாவே முடி கொட்டுதும்மா. இது டேங்கர் தண்ணி. நேத்து வந்துது. இனி நாளைக்கு மறாநாளுதான் வருவான்."

"அப்போ அதுவரைக்கும்?"

"பாக்கலாம். பக்கத்து ஊட்ல கேட்டா ரெண்டு கொடம் குடுப்பாங்கோ." கையிலிருந்த தண்ணீரைத் தலைவரின் முதுகில் ஊற்றிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "அதுக்குன்னு அந்த நாத்தத்தோட ஒரு மனுசன ஊட்டுக்கு அனுப்ப முடியுமா, சொல்லு?"

அவருடைய வீட்டுக்காரரின் லுங்கியையும் சட்டையையும் உடுத்துக்கொண்டு தலைவர் கட்டிலில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போயிருப்பதாக அக்கா சொன்னார். பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தார். கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, உப்பு சரியாக இருந்த மோர். நான் குடித்தேன். தலைவர் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். அக்கா உள்ளே போனதும் எழுந்து, கொட்டகைப் பக்கம் போய், மோரைச் சத்தமில்லாமல் எருக்குழியில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்தேன். அக்கா வாசற்படியில் நின்றிருந்தார். பார்த்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. டம்ளரை வாங்கி, கழுவத் தண்ணீர் எடுக்கப் பேரல் பக்கம் ஓர் எட்டு வைத்தார். நின்றார். முந்தானையால் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே குமட்டியது. ஏரிக்கரையில்கூட அவ்வளவு இல்லை.

வண்டியில் டிரைவர் சீட்டின் மேல் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். தலைவர் அதில் உட்கார்ந்து கையில் சானிடைசரைப் பிதுக்கித் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேன்கனிக்கோட்டைச் சாலை வந்ததும் முகம் தெளிந்தது.

"நல்ல ஜனங்க மேடம். தண்ணிக்கும் பஞ்சமில்ல. எவ்வளவு ஊத்தினாங்க பாத்தீங்களா?"

"அது டேங்கர் தண்ணி சார். இனி ரெண்டு நாளைக்கு அவங்களுக்கும் மாட்டுக்கும் தண்ணி இல்ல."

"சோர்ஸ் வேற, அவைலபிலிட்டி வேற" என்றார் பாடம் நடத்துகிற குரலில். "நாம பாக்கறது அவைலபிலிட்டி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மேல் இன்னும் கொஞ்சம் நாற்றம் இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

அடுத்த வாரம் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றைப் பார்க்கப் போனோம். பெண்களின் நிலை என்ற தலைப்புக்கு அது தேவைப்பட்டது. ஓர் அறையில் ஏழெட்டு இரும்புக் கட்டில். எல்லாவற்றிலும் ஆள் படுத்திருந்தார்கள். பட்டப்பகல். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். வியர்வையும் தைலமும் ஈரத்துணியும் கலந்த வாடை. சிவகங்கைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, என் பேச்சைக் கேட்டதும், "அக்கா, நீங்க நம்ம பக்கமா?" என்று வராந்தாவுக்கு வந்து பேசினாள். கையில் தட்டு இருந்தது. சாம்பாரில் மிதந்ததை விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். என்னவென்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

"உன் கட்டில் எதும்மா?" என்று கேட்டேன்.

"அந்தா, ஓரத்துல. இப்ப வேற ஆளு படுத்துருக்கு. அவ நைட் ஷிப்ட், நான் செகண்ட் ஷிப்ட். ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேருக்கா. ஒருத்தி எந்திரிச்சா சூடு ஆறுறதுக்குள்ள இன்னொருத்தி படுத்துருவோம். மொதல்ல அடுத்த ஆளு வேர்வையில படுக்க எனக்கு அழுகையா வரும். இப்ப வேலை அலுப்புல ஒண்ணும் தெரியறதில்ல."

நான் அதை அப்படியே எழுதினேன். அவள் சொன்ன வார்த்தை மாறாமல் எழுதினேன். ஏரியைப் பற்றியும், போர் தண்ணீரைப் பற்றியும், யானை இறங்குகிற நிலங்களைப் பற்றியும் எழுதினேன். தண்ணீருக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன். அதுவும் அதிகம் என்றுதான் தோன்றியது.

வரைவு திரும்பி வந்தபோது தண்ணீருக்கு எட்டு என்று இருந்தது. தலைவரின் அறைக்குப் போனேன்.

"சார், எட்டு எப்படி?"

"ரெண்டு போட்டா மொத்தமும் கீழ போயிடும் மேடம். இந்த கிளஸ்டரே, இத்தனை கிராமமும் அடிபட்டுடும். அப்புறம் அந்த ஜனங்களுக்குத்தான் நஷ்டம். வளர்ச்சி வரட்டும், தண்ணி பின்னாடி வரும்."

"வளர்ச்சி வந்துதான் சார் தண்ணி போச்சு."

அவர் கோபப்படவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்கு எல்லாத்துலயும் நெகட்டிவ்தான் கண்ணுக்குத் தெரியுது. நான் நேர்ல பாத்தேன், மேடம். என் மேலயே ஊத்தினாங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மனதார நம்பிச் சொன்னார். பொய் சொல்கிற மனிதனிடமாவது, தான் சொல்வது பொய் என்று தெரிந்த ஒரு மூலை இருக்கும், அங்கே கை வைக்கலாம். இவரிடம் கை வைக்க இடமே இல்லை.

அறிக்கையை முடிப்பதற்கு முன் கருத்துக் கேட்பு என்று ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்பது விதி. ஓசூரில் ஒரு பெரிய ஓட்டலின் குளிரூட்டிய ஹாலில் ஏற்பாடு ஆனது. ஊர்க்காரர்களும் கலந்துகொண்டதாகக் காட்ட வேண்டும் என்பதால் தலைவரே சொன்னார். "அந்த அம்மாவைக் கூப்பிடுங்க. நல்லா பேசுவாங்க, போட்டோவுக்கும் நல்லா இருக்கும்."

நான் போன் செய்தபோது அக்கா தயங்கவில்லை. "வர்றேன். எங்க ஊரப் பத்தி என்னா எழுதியிருக்கீங்கோன்னு பாக்கணுமில்ல" என்றார்.

வந்தார். பச்சைப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. ஓட்டல் வாசலில் காவலாளி அவரை நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். நான் போய் அழைத்து வந்தேன். உள்ளே மேசை மேசையாகப் பாட்டில் தண்ணீர். பாதி குடித்து வைத்த பாட்டில்களை எடுத்துப்போய்விட்டுப் புதியதை வைத்துக்கொண்டே இருந்தார்கள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அதிகாரிகள் வந்தார்கள், தொழிற்சாலைப் பிரதிநிதிகள் வந்தார்கள், நிலத் தரகர்கள் போலத் தெரிந்த சிலரும் முன் வரிசையில் இருந்தார்கள். தலைவர் திரையில் ஆங்கிலத்தில் படம் காட்டி விளக்கினார். ஏரியின் படம் வந்தது. நுரை வெட்டப்பட்டு மேல்பாதி மட்டும், நீல வானத்தோடு. அக்கா என் காதோரம் குனிந்தார்.

"இது எங்க ஏரிதானே? நொர எங்க?"

"வெட்டிட்டாங்கக்கா."

"அந்த எட்டு என்னாது?"

"தண்ணிக்குப் போட்ட மார்க். பத்துக்கு எட்டு. உங்க ஊர்ல தண்ணி நல்லா இருக்குன்னு."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மாறியது. தலைவர் பேசி முடித்து, "நம்மகூட ஒரு பெண் விவசாயி வந்திருக்காங்க. ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று தமிழில் சொல்லிக் கைதட்டினார். மைக்கை அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவருக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. வாயை ஒட்டி வைத்துக்கொண்டார். மூச்சுச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

"சார், எங்க ஊரு தண்ணிக்கு எட்டு மார்க் போட்டிருக்கீங்கோ. எந்தத் தண்ணிக்கு சார்?"

தலைவர் சிரித்த முகத்தோடு, "நான் நேர்ல பாத்ததும்மா, உங்க வீட்லயே" என்றார்.

"அது உங்கள கழுவுன தண்ணி சார். வாய்க்கால்ல உழுந்து நாறிக்கினு இருந்தீங்கோ. டேங்கர் தண்ணிய ஊத்திக் கழுவுனேன். ரெண்டு நாளு என் மாட்டுக்குத் தண்ணி இல்ல. கத்திக்கினே கெடந்துது. பால் கொறஞ்சு போச்சு. அந்தத் தண்ணிக்கா சார் மார்க்கு?"

இப்போது யாராவது எழுந்து கேட்பார்கள் என்று நினைத்தேன். முன் வரிசையில் ஓர் அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஹாலே சிரித்தது. தலைவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாட் எ ஸ்பிரிட்!" என்றார். "இந்தப் பகுதிப் பெண்கள் எவ்வளவு தைரியமா பேசுறாங்க பாருங்க. இதைத்தான் நான் சமூக மூலதனம்னு சொல்றேன்." மறுபடி கைதட்டல்.

அக்கா மைக்கை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "எதுக்கும்மா சிரிக்கிறாங்கோ?"

"வாங்கக்கா, போலாம்" என்றேன். வெளியே பஃபே வரிசை ஆரம்பித்திருந்தது. வெள்ளித் தட்டுகளில் பனீர், பிரியாணி, ஜிலேபி. இப்போதுதான் ஒரு மனுஷி தன் மாடு தாகத்தில் கத்தியதைச் சொன்னாள். அதைக் கேட்டுச் சிரித்த அதே வாய்கள் மென்றுகொண்டிருந்தன. பற்களும் எண்ணெய் படிந்த உதடுகளும் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தன. கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அங்கே குழாயைத் தொடாமலே தண்ணீர் கொட்டியது. கையை எடுத்த பிறகும் கொட்டியது.

அக்கா சாப்பிடவில்லை. பஸ் நிலையத்தில் இருவரும் டீ குடித்தோம். "உன்னத் தப்பா நெனக்கலம்மா" என்று அவராகவே சொன்னார்.

இறுதி அறிக்கை வழுவழுத் தாளில் அச்சாகி வந்தது. நான் எழுதியவை எல்லாம் உள்ளே இருந்தன, ஆனால் குளித்து உடை மாற்றிக்கொண்டு இருந்தன. ஏரியைப் பற்றி எழுதிய இடத்தில், நீர்நிலையை ஒட்டிப் பொழுதுபோக்கு வசதிகளை மேம்படுத்த வாய்ப்பு என்று இருந்தது. யானைகள் வனச் சுற்றுலாவாகியிருந்தன. ஒரு கட்டிலில் மாறி மாறிப் படுக்கும் பெண்களைப் பற்றி, தங்குமிடங்கள் முழுக் கொள்ளளவில் பயன்படுத்தப்படுகின்றன என்று ஒரு வரி. அந்தச் சிவகங்கைப் பெண் அழுதது அந்த வரிக்குள் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். பெண்களின் நிலை என்ற பக்கத்தில் அக்காவின் படம். கையில் மைக், வாய் திறந்திருக்கிறது, கண்ணில் தீ. கீழே, வளர்ச்சியை வரவேற்கும் உள்ளூர்ப் பெண் விவசாயி என்று எழுதியிருந்தார்கள்.

என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அச்சாகிவிட்டதே என்றார் தலைவர். அந்த மாதமே வேலையை விட்டேன். பிரிவு உபசாரத்துக்கு வழக்கம்போல கேக் வாங்கி வந்தார். வெட்டிக் கையில் கொடுத்த துண்டை நான் வாங்கவில்லை. அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "நான் உங்களுக்கு என்ன பண்ணேன் மேடம்?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த அப்பாவித்தனத்தைத்தான் இன்றுவரை என்னால் சகிக்க முடியவில்லை. இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அவர் இன்னும் பெரிய நிறுவனத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

சில மாதம் கழித்து அக்கா போன் செய்தார். ஏரியோர நிலத்தை விற்றுவிட்டார்களாம். தரகர்கள் தினமும் வந்து வீட்டுக்காரர் மனதைக் கரைத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். காட்டோரம் அவர்களுக்கு இருந்த மேட்டு நிலத்தில் தக்காளி வைத்திருந்தார்கள். அதில் முந்தின இரவு யானை இறங்கியிருந்தது. முட்டுக்கு ஊன்றிய குச்சிகள் முறிந்து, செடிகள் மண்ணோடு அரைபட்டு, வயலே சிவப்புக் கூழாகக் கிடந்தது. வெயில் ஏற ஏறப் புளித்த வாடை. ஈ மொய்த்தது. அக்கா குனிந்து நசுங்காத பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நெலத்த வித்தது கஷ்டமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"கஷ்டமா? அந்த நாத்தத்த இனி வேற ஒருத்தன் மோந்துக்கினு கெடக்கட்டும்" என்றார். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. யானை வந்துது, தின்னுச்சு, மிதிச்சுது, போயிடுச்சு. கோவம் வருது, வயிறு எரியுது. அசிங்கமா இல்லம்மா. அந்த ஹால்ல உக்காந்து சிரிச்சாங்கோ பாரு, அதான் எனக்கு இன்னும் அசிங்கமா இருக்குது. ராத்திரி படுத்தா அந்தச் சிரிப்பு கேக்குது."

எனக்கும் கேட்கிறது என்று சொன்னேன். அவர் ஒரு பையில் தக்காளி போட்டுக் கொடுத்தார். அவர் வீட்டில் தண்ணீர் கேட்காமல், நான் கொண்டுபோன பாட்டிலிலிருந்து இருவரும் குடித்தோம்.

திரும்பும்போது தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்கள், சந்தைக்குப் போனவர்கள் என்று நல்ல கூட்டம். என் பக்கத்தில் ஒரு சிறு பெண், மடியில் புதுத் தகரப் பெட்டி. வேலைக்கு முதன்முறையாக வருகிறாளாம், ஊர் தென்காசிப் பக்கம், தேன்கனிக்கோட்டையில் பெரியம்மா வீட்டில் இறங்கி அங்கிருந்து கிளம்பியிருக்கிறாள். பஸ் ஏரியை ஒட்டிய வளைவில் திரும்பியது. அப்போது நான் அதைக் கவனித்தேன். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சை நிறுத்தவுமில்லை. போன் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவுமில்லை. பஸ் முழுக்கக் கைகள் மட்டும் உயர்ந்து ஜன்னல் கண்ணாடிகளை இழுத்து மூடின. குழந்தை வைத்திருந்த ஒரு தாய் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டே பக்கத்து ஆளிடம் கல்யாணக் கதையைத் தொடர்ந்தாள்.

எங்கள் ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அந்தப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னக்கா இது, இப்படி நாறுது?"

கண்டக்டர் எட்டி எங்கள் ஜன்னலை இழுத்து மூடினார். "ஊருக்குப் புதுசா? ரெண்டு வாரம்தாம்மா. பழகிடும்" என்றார் ஆறுதலாக.

அவள் கண்ணாடிக்கு வெளியே நுரை பறப்பதைப் பார்த்துக்கொண்டே, மூக்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.